வாடகைப் பாட்டும் உடைமைப் பாட்டும்

இசையைப் பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே பெரும்பாலும் இராகத்தையும் தாளத்தையும் பற்றியதாகவே இருந்து வந்திருக்கிறது. பாட்டின் பொருள் எத்தகையது, அதைப் பாடுவோர் எவர், கேட்போர் எவர் என்னும் வினாக்களை முற்போக்கு விமர்சகர்கள் பின்னர் எழுப்பினார்கள். ஆயின், பாட்டு எவர் கையில் இருக்கிறது, எந்த நிபந்தனையின் பேரில் அது நம் செவிக்கு வந்து சேருகிறது என்னும் வினா இன்றளவும் இலக்கிய வினாவாகக் கொள்ளப்படவில்லை. அது வணிகர் பாடு, சட்டத்தரணிகள் பாடு என ஒதுக்கி விடுகிறோம். அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இன்று படித்த இளைஞரிடையே ஒரு விவாதம் நடைபெறுகிறது. மாதந்தோறும் சந்தா செலுத்தி இணையத்தின் வழியே வேண்டிய பாட்டை வேண்டிய போது கேட்பது நன்றா? அல்லது இசைத்தட்டாகவோ, இறுவட்டாகவோ, கணினிக் கோப்பாகவோ விலை கொடுத்து வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்வது நன்றா? ஸ்பொட்டிபை என்னும் சேவை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்னரே யூடியூப் நம் தோட்டங்களின் லயங்கள் வரை வந்துவிட்டது. எனவே இவ்விவாதம் கொழும்பு மாளிகைகளுக்கு மட்டும் உரியதன்று. பொல்பிட்டியவுக்கும் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் உரியதே.

சந்தாவின் சார்பில் சொல்லத்தக்கவற்றை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மையாகும். உடைமை என்பது என்றுமே எல்லார்க்கும் கிட்டிய பொருளன்று. கிராமபோன் பெட்டி மலைநாட்டிற்கு வந்த காலத்தில் அது துரையின் பங்களாவிலும், பெரிய கங்காணியின் வீட்டிலும், நகரத்துக் கடைக்காரரிடமும் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் காம்பராவில் இருந்ததில்லை. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தபின்பே பாட்டை விலைக்கு வாங்கும் வாய்ப்புத் தொழிலாளிக்குச் சிறிதேனும் கிட்டிற்று. அப்போதுங் கூட ஒரு நாடாவின் விலையை நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. 2024இல் விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அத்தகைய சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரை நோக்கி, "நல்ல இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்து வையுங்கள்" என்று உபதேசிப்பவர், பசித்தவனுக்கு விருந்தின் சுவையை விரித்துரைப்பவரே ஆவார்.

இணையச் சேவையோ, விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால், காசின்றியே உலக இசையை அவன் முன் கொண்டுவந்து வைக்கிறது. தியாகராஜர் கீர்த்தனையும், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் திரைப்பாடலும், ஆபிரிக்க மக்களின் தாளமும் ஒரே கைத்தொலைபேசியில் ஒலிக்கின்றன. முன்பு சபாக்களிலும் பங்களாக்களிலும் அடைபட்டுக் கிடந்த இசை மதில் தாண்டி வந்துவிட்டது. இதைச் சாதாரண மாற்றம் என்று எவரும் சொல்ல மாட்டார். விஞ்ஞானத்தின் ஆக்கத்தைப் பழிப்பது முற்போக்காளர் வேலையன்று.

ஆயினும் வாயில் திறந்திருப்பது வேறு. வாயிலின் திறவுகோல் நம்மிடம் இருப்பது வேறு.

சந்தா கட்டுகிறவன் எதை வாங்குகிறான் என்பதைச் சற்று நுணுகிப் பார்ப்போம். அவன் பாட்டை வாங்கவில்லை. பாட்டைக் கேட்பதற்கான அனுமதியை, அதுவும் மாத அளவில், வாங்குகிறான். கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளும் பாட்டுக் கூட அவனுடையதன்று. அது பூட்டப்பட்ட கோப்பு. ஸ்பொட்டிபையில் இறக்கி வைத்தவை நிலைக்க வேண்டுமாயின் 30 நாளைக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்பு கொள்ளுதல் வேண்டும். சந்தா நின்றால் அவை வாய் மூடிவிடும். பத்தாண்டு சந்தா கட்டியவனும் பதினோராம் ஆண்டின் தொடக்கத்தில் வெறுங்கையனே. அவன் அதைத் தம்பிக்கு இரவல் கொடுக்க இயலாது; மகளுக்கு விட்டுச்செல்ல இயலாது.

மலையகத்தில் வாழ்வோருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. லயத்துக் காம்பரா இப்படிப்பட்டதுதான். தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும் வரை அதில் குடியிருக்கலாம். பெயர் வெட்டப்பட்டால் வெளியேற வேண்டும். நான்கு தலைமுறை அதில் பிறந்து வளர்ந்து இறந்திருந்தாலும் சுவர் ஒன்றும் அவர்களுடையதாவதில்லை. 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, கடன் தீர்ந்ததென்று துண்டு எழுதிக் கொடுக்கப்படாத தொழிலாளி தோட்டத்தை விட்டு நகரவும் முடியாதிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டையே வாடகை வீடாக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடியிருந்தவர்களைப் பங்கு பிரித்தது. இன்றும் சொந்தக் காணிக்கும் தனி வீட்டுக்குமான கோரிக்கை முற்றாக நிறைவேறவில்லை. உடைமையின்மை என்பதன் பொருளை இம்மக்களுக்கு எந்தப் பொருளாதார நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, "கேட்க முடிகிறதல்லவா, உரிமை எதற்கு?" என்று இசைச் சேவைக்காகப் பேசுவோரின் வினா, "குடியிருக்க முடிகிறதல்லவா, காணி எதற்கு?" என்னும் பழைய வினாவாகவே நம் செவியில் விழுகிறது.

வாடகைப் பாட்டு எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சான்றுகள் பல. ஸீ மியூசிக் நிறுவனத்தோடு உடன்பாடு புதுப்பிக்கப்படாமற் போகவே 2023 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பொட்டிபையிலிருந்து மறைந்தன. இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் இசைச் சேவையை மூடுவதாக 2024இல் அறிவித்தது. கேட்போன் எக்குற்றமும் செய்யவில்லை. சந்தாவையும் தவறாது கட்டியிருக்கலாம். இரு முதலாளிகளின் பேரம் முறிந்தது, அல்லது ஒரு முதலாளிக்கு அத்தொழிலில் இலாபம் காணவில்லை, அவ்வளவே.

நம் நாட்டின் அனுபவமோ இன்னும் கசப்பானது. 2022இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுள் 360 ரூபாவுக்கு ஏறிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் யூடியூப் உள்ளிட்ட சமூக ஊடகங்களைப் பல மணி நேரம் முடக்கிற்று. மின்சாரமில்லை, இணையமில்லை, பணத்துக்கு மதிப்பில்லை. அந்த நாட்களில் பாட்டு எவரிடம் இருந்தது? நெஞ்சில் மனனமாக வைத்திருந்தவரிடமும், மின்கலத்தில் இயங்கும் பழைய பெட்டியும் நாடாவும் வைத்திருந்தவரிடமுமே இருந்தது.

பொல்பிட்டியவில் வாழ்வோர் மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது வேறொன்றையும் நினைவு கூர வேண்டும். லக்சபானையில் சுழலிகளைச் சுற்றிவிட்டு வரும் நீர் சுரங்கவழி இங்கு வந்து மீண்டும் சுழலிகளைச் சுற்றுகிறது. 1969 தொடக்கம் பொல்பிட்டிய நிலையம் நாட்டுக்கு மின்சாரம் வழங்கி வருகிறது. ஆயினும் அம்மின்சாரம் மலையிறங்கிக் கொழும்பைச் சென்றடைந்து நெடுங்காலத்தின் பின்னரும் சுற்றுப்புறத் தோட்டங்களின் லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஒரு பொருள் பிறக்கும் இடத்தில் வாழ்வோர் அதன் உடையவரும் ஆவர் என்பதற்கு நியதி இல்லை. நீருக்கும் தேயிலைக்கும் நேர்ந்த கதி இன்று பாட்டுக்கும் நேர்கிறது.

இதைச் சற்று விரித்துரைப்போம். சேவைகள் வசூலிக்கும் சந்தாப் பணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது? நாம் கேட்ட பாடகருக்கே நம் பணம் போய்ச் சேரும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நடைபெறுவது அதுவன்று. பணம் முழுவதும் ஒரே குளத்தில் விழுகிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்தபின், மொத்தக் கேட்பில் எப்பாட்டுக்கு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு உரிமையாளருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மாதம் முழுவதும் ஒரு மலையகப் பாடகியை மட்டுமே கேட்ட மாணவனின் சந்தாவும் பெரும் பகுதி, அவன் ஒருகாலும் கேளாத புகழ்பெற்ற நட்சத்திரங்களின் கம்பெனிகளையே சேருகிறது. போதாததற்கு, முந்திய பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையேனும் கேட்கப்படாத பதிவுக்குப் பங்குப்பணமே இல்லை என்னும் விதியை ஸ்பொட்டிபை 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறிய சமூகத்தின் பாட்டு, சிறிய எண்ணிக்கையினராற் கேட்கப்படும் பாட்டு, இவ்விதியின் முன் எப்படி நிற்கும்? கூடையில் குறித்த நிறைக்குக் குறைந்த கொழுந்தைப் பறித்தவளுக்கு அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளையின் கணக்கேடு நினைவுக்கு வருகிறது. அங்கே அரைப்பேராவது உண்டு; இங்கே அதுவும் இல்லை.

அப்படியாயின் தீர்ப்பு உடைமையின் பக்கமே என்று முடித்துவிடலாமா? அதற்கு வலிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் மாபெரும் பாடகர் போல் ரோப்சனின் கடவுச்சீட்டை அந்நாட்டு அரசாங்கம் 1950இல் பறித்தது. 1958 வரை அது திருப்பித் தரப்படவில்லை. மேடைகள் மூடப்பட்டன, பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் கைவிட்டன. அந்நாட்களில் அவர் குரலைக் காத்தவை, மக்கள் வீடுகளில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த தட்டுகளும், அவரும் அவருடைய நண்பர்களும் தாமே தொடங்கிய சிறு வெளியீட்டு முயற்சியுமேயாம். வீட்டிலிருந்த தட்டை எந்த அதிகாரியும் வந்து அழிக்க இயலவில்லை. ஆனால் இதே வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 1957இல் ரோப்சன் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் சென்ற தொலைபேசிக் கம்பிவழி இலண்டனில் கூடியிருந்தோருக்கும், பின்னர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்கும் பாடினார். எல்லையில் தடுக்கப்பட்ட மனிதனின் குரலைக் கம்பி கடத்திச் சென்றது. கம்பி நமக்குப் பகையன்று. கம்பியின் இரு முனைகளும் எவர் கையில் என்பதே வினா.

தனி உடைமைக்கும் குறைபாடுகள் உண்டு. முதலாவது, அழிவு. மலைநாட்டு மூடுபனியில் ஒலிநாடா பூஞ்சணம் பிடிக்கும். அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். கணினித் தகடு ஒருநாள் இயங்க மறுக்கும். 1977இலும் 1981இலும் 1983இலும் மலையகத்தில் வீடுகள் கொளுத்தப்பட்டபோது, அவ்வீடுகளில் இருந்த சிறு உடைமைகளும் கூடவே எரிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 2008இல் ஹொலிவூட்டில் யூனிவேர்சல் நிறுவனத்தின் களஞ்சியம் தீப்பற்றியபோது மூல ஒலிப்பதிவுகள் பெருந்தொகையாய் அழிந்தன. வெளியுலகு அதன் அளவை அறிந்தது 2019இலேதான். ஏழையின் பெட்டியாயினும் கோடீசுவரனின் களஞ்சியமாயினும், ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நெருப்புக்குக் காத்திருப்பதே.

இரண்டாவது குறை, உடைமை என்பது வாங்குவோனுக்கு மட்டும் உரிய சொல்லன்று என்பது. விற்போனும் உடையவனாகிறான், அவன் உடைமை நம்முடையதை விடப் பெரிது. இதற்கு நம் மொழியிலேயே தலைசிறந்த சான்று இருக்கிறது. பாரதியார் 1921இல் வறுமையில் மறைந்தார். அவருடைய பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை பின்னர் வணிகர் கைமாறிப் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி. கே. சண்முகம் சகோதரர்கள் தங்கள் படமொன்றில் பாரதி பாடலைக் கையாண்டபோது, அது அப்பட முதலாளியின் உரிமையை மீறியதென வழக்கு எழுந்தது. நாடு முழுதும் பாடிய பாட்டு, ஒரு கம்பெனியின் பெட்டகத்தில்! எழுத்தாளரும் கலைஞரும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையைக் கையேற்றது. செட்டியாரும் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். பின்னர் 1950களின் நடுப்பகுதியில் பாரதியின் எழுத்து முழுவதும் மக்களுடையதாக்கப்பட்டது. ஒரு கவிஞனின் ஆக்கத்தை அரசு வாங்கி மக்களுக்கு வழங்கிய இச்செயல் உலகிலேயே அரிதானது.

ஈண்டு நாம் காண்பது வாடகையுமன்று, தனி உடைமையுமன்று, மூன்றாவதொரு வழி. 'சந்தாவா, சொந்தமா' என்னும் விவாதம் இந்த மூன்றாவது வழியை மறைத்து விடுகிறது. அவ்விவாதத்தில் ஈடுபடுவோர் இரு சாராரும் மனிதனை நுகர்வோனாக மட்டுமே காண்கின்றனர். ஒருவர் மலிவான நுகர்வைப் பரிந்துரைக்கிறார். மற்றவர் உறுதியான நுகர்வைப் பரிந்துரைக்கிறார். பாட்டை ஆக்குகின்ற மனிதன் இருவர் பார்வையிலும் படவில்லை.

மலையகப் பாட்டின் வரலாறு ஆக்குகின்ற மனிதனின் வரலாறு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தோர் கையில் பொருள் கொண்டுவரவில்லை, பாட்டுக் கொண்டுவந்தனர். கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும், மாசியில் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் அவர்களோடு வந்தன. வந்த இடத்தில் அவை மாறின. கங்காணியும் கணக்கப்பிள்ளையும், கொழுந்து நிறுவையும், பிரட்டுக்கழைக்கும் தப்பொலியும் பாட்டுக்குள் புகுந்தன. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தபோது, அவர் மனைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டு இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாட்டுக்குச் சந்தாவும் இல்லை, விற்பனையும் இல்லை. கூட்டத்தில் கேட்டவர் லயத்திற்குப் பாடிக்கொண்டே திரும்பினார். பாடத் தெரிந்ததே அவருடைய உடைமைப் பத்திரம்.

இச்செல்வத்தைச் சேகரித்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, மறு ஆண்டிலேயே தம் மக்கள் குடியுரிமை இழந்ததைக் கண்ட அவர், அவர்தம் பாட்டுகளைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அந்நூல் இல்லையேல் பல பாட்டுகளின் சொல் கூட நமக்குக் கிட்டியிராது. ஆயினும் அச்சுக்கு ஓர் எல்லையுண்டு. எழுத்து சொல்லைக் காக்கும், மெட்டைக் காவாது. ஒப்பாரியின் இழுப்பும், தாலாட்டின் அசைவும், கும்மியில் கையொலி விழும் இடமும் தாளில் இல்லை. இன்று நம் மாணவர் அந்நூலைப் பரீட்சைக்குரிய செய்யுளைப் போல வாசிக்கின்றனர், பாடுவதில்லை. மெட்டறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, நூலிலுள்ள ஒரு பக்கம் ஊமையாகிறது. சந்தாச் சேவை எதனாலும் அதை ஈடு செய்ய இயலாது. ஏனெனில் அச்சேவையில் அப்பாட்டு முன்னரே இருந்திருந்தாலன்றோ வாடகைக்குக் கிடைக்கும்?

சிலர் கூறுவர்: "யூடியூப்பில் ஏற்றி விடலாமே, உலகமே கேட்கும்." ஏற்றலாம், ஏற்றுவதும் நன்றே. ஆனால் அதனைக் களஞ்சியம் என்று கொள்ளுதல் ஆகாது. அது கடைவீதி. கடைவீதியில் பொருளைக் காட்டலாம். வீட்டு ஆவணங்களை அங்கே வைத்துவிட்டுத் திரும்புவார் உண்டோ? மேலும், பொதுவில் இருக்கும் மெட்டை ஒரு கம்பெனி வாத்தியம் சேர்த்துப் பதிவு செய்து தன் பெயரில் உரிமை கோருமாயின், பாட்டி பாடிய பதிவே 'மீறல்' எனக் குறிக்கப்படும் விபரீதமும் இவ்வியந்திர ஏற்பாட்டில் நேரக்கூடியதே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று கூறுகிறது. ஆனால், எது எவருடைய பாட்டு, எவர் எங்கே பாடினார் என்னும் பதிவு நம்மிடம் இல்லாவிடில், சட்டத்தின் வாசகம் யாருக்குத் துணை நிற்கும்?

"எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டும்" என்று இருந்துவிடுவதும் போதாது. அரசின் கையும் வாயிலை மூடும் கைதான். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்க முற்பட்டபோது, இந்திய மக்கள் இலங்கை வானொலியை நோக்கித் திரும்பினர் என்பது வரலாறு. 2022 ஏப்ரலில் யூடியூப்பை முடக்கியதும் அரசே. பாரதி விடயத்திலும் அரசு தானே முன்வந்து செய்ததன்று. மக்கள் கிளர்ச்சி செய்வித்தது. எனவே பொது உடைமை என்று நாம் கூறுவது ஓர் அலுவலகத்தின் பூட்டிய அலுமாரியை அன்று. பலர் கையிற் பல பிரதிகளாக இருப்பதையே கூறுகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எவரும் காசின்றி வாசிக்கத்தக்க வகையில் சேர்த்து வருகிறது. தன்னார்வலர் உழைப்பால் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

செய்ய வேண்டியது என்ன? இக்கட்டுரையை வாசிப்போருட் பெரும்பாலார் ஆசிரியரும் மாணவருமாதலின், அவர்களால் இயல்வதையே கூறுவோம். ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாக ஒரு தொலைபேசி இருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றேனும் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தின் செயற்றிட்டமாக, ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுத் தோட்டங்களின் பாட்டுகளைப் பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு, எச்சமயத்துப் பாட்டு என்பன குறிக்கப்பட வேண்டும். பாடியவரின் சம்மதம் பெறுதல் கட்டாயம். வெளியிட வேண்டாமென்று அவர் கூறுவாராயின் அதற்குக் கட்டுப்படுதலும் கட்டாயம். பதிவு, பூட்டில்லாத சாதாரணக் கோப்பாக இருத்தல் வேண்டும். குறைந்தது மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும்: பாடசாலையில் ஒன்று, ஊரின் வாசிகசாலையிலோ சங்கக் காரியாலயத்திலோ ஒன்று, மலைக்கு வெளியே ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் வீடுகளை மண்ணோடு புதைத்ததைக் கண்ட நமக்கு இம்மூன்றாம் பிரதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

சந்தாச் சேவையைத் துறக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வாசிகசாலைக்குச் செல்வது போல் அதற்குச் செல்வோம். கேட்போம், கற்போம், உலக இசையை அறிவோம். ஆனால் வாழ்நாள் முழுதும் நமக்கு வேண்டிய சில பாட்டுகள் உண்டு. அவற்றை இயன்றபோது விலை கொடுத்தே வாங்கிக்கொள்வோம். உயிரோடிருக்கும் கலைஞன் தன் பதிவைத் தானே விற்பானாயின், அவனிடமே வாங்குவோம். அது தருமமன்று, கூலி. விலைக்கு வாங்க இயலாத, ஒருவராலும் விற்கப்படாத நம் மக்களின் பாட்டை மட்டும் வாடகைக்கும் விடாமல், தனியொருவர் உடைமையாகவும் விடாமல், பொதுவிற் காப்போம்.

தேயிலையை நட்டவர் தேயிலைக்கு உடையவராகவில்லை. மலையின் நீரும் மின்சாரமும் மலையிலிருந்தோரைக் கடந்து சென்றன. காணிக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை. இவ்வளவு இழந்தபின்பும் எவராலும் பறிக்கப்படாது எஞ்சிய உடைமை ஒன்று உண்டாயின் அது அவர்களுடைய பாட்டு. அதனை வேறொருவர் கணக்கேட்டில் பதியவிட்டுப் பின்னர் மாதாமாதம் பணம் கட்டிக் கேட்கும் நிலைக்கு நம் மாணவர் தள்ளப்படுதல் கூடாது. பாடத் தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். வரும் விடுமுறையிலேயே இவ்வேலையைத் தொடங்குவோமாக.